யார் கை ஓங்குகிறது: திரைப்பட மாந்தர்களுக்கிடையே அதிகாரத்தையும் மோதலையும் ஆராய ஒரு வழிகாட்டி

திரைப்படங்களைப் பற்றி எழுதத் தொடங்குகிறவர்களின் முதல் குறிப்பேட்டைப் புரட்டினால், 'இவர் ஆதிக்கக்காரர், அவர் பலவீனமானவர்' என்ற வகை வாக்கியங்களே நிறைந்திருக்கும். நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதிலுள்ள பிழையை உணர எனக்கு வெகுகாலம் பிடித்தது. ஆதிக்கம் என்பது உயரத்தைப் போலவோ குரலைப் போலவோ ஒருவரிடம் நிலையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பண்பு அன்று. அது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது, அந்த இருவரில் ஒருவர் மாறினாலே தானும் மாறிவிடுவது. ஒரு கட்டளையின் பலம் கட்டளையிட்டவரின் தொண்டையில் தெரிவதைவிட, அதைக் கேட்டவர் எழுந்தாரா இல்லையா என்பதில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நான் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொள்ளப் போகிறேன்: பேசுகிறவரைப் பார்த்துவிட்டீர்கள், கேட்கிறவரைப் பார்த்தீர்களா?

விளக்கத்துக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ரெஜினால்ட் ரோஸ் எழுதி, சிட்னி லூமெட் இயக்கி, 1957இல் வெளிவந்த '12 ஆங்ரி மென்' ஏறத்தாழ முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதினெட்டு வயது இளைஞனின் வழக்கில், பன்னிரண்டு ஜூரி உறுப்பினர்கள், அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவுசொல்லும் பொதுமக்கள், ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். குற்றவாளி என்று முடிவானால் அவனுக்கு மரண தண்டனை உறுதி. மாந்தர்களைப் படம் எண்களால் மட்டுமே அறிமுகப்படுத்துகிறது. துரத்தலோ சண்டைக்காட்சியோ இல்லாததால், மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி அசைக்கிறார்கள் என்பதைத் தவிரப் பார்ப்பதற்கு வேறொன்றும் அதில் இல்லை. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை நான் அறியேன். கதையின் முடிவுவரை இங்கே பேசப்போவதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதல் படி: சிறிய காட்சி, மூன்று பார்வை

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் ஆராய முயல வேண்டாம். குறிப்பெடுக்காமல் ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடக்கூடிய ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒருவர் இன்னொருவரிடமிருந்து எதையோ பெற முயல வேண்டும், அது எளிதில் கிடைக்காமலும் இருக்க வேண்டும். அந்தக் காட்சியை முதலில் வழக்கம்போலப் பாருங்கள். அடுத்து ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் நகர்கிறார், யார் நகராமல் இருக்கிறார், யாருடைய பார்வை முதலில் விலகுகிறது என்பவை அப்போதுதான் கண்ணில் படும். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். யார் குறுக்கே பேசுகிறார், யாருடைய வாக்கியம் பாதியில் நிற்கிறது, எந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்பதை வசனத்தின் பொருளில் மயங்காமல் காது பிடித்துக்கொள்ளும்.

குறிப்பேட்டில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் அதிலிருந்து நீங்கள் ஊகிப்பதை எழுதுங்கள். இடப்பக்கத்தில் குணத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இடமில்லை. 'அலட்சியமாகப் பதில் சொல்கிறார்' என்பது வலப்பக்கத்துக்கு உரியது. 'கேள்வி கேட்டவரைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார்' என்பதுதான் இடப்பக்கத்துக்கு உரியது. முதல் சில நாள்கள் இது சலிப்பைத் தரும். ஆனால், பின்னர் யாராவது 'எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கும்போது கைகொடுப்பது இடப்பக்கம்தான்.

இரண்டாம் படி: யாருக்கு என்ன வேண்டும்

காட்சியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த நிமிடத்தில் என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாழ்நாள் இலட்சியம் இப்போது வேண்டாம். இந்த அறையில், இந்த ஐந்து நிமிடத்தில், எதிரே இருப்பவரிடமிருந்து வேண்டியது என்ன? வேண்டியது எது என்று தெரியாமல் அதிகாரத்தை அளக்க முடியாது, ஏனெனில் அதிகாரம் என்பதே பிறர் தடுத்தாலும் தனக்கு வேண்டியதை நடத்திக்கொள்ளும் திறன்தான்.

புதியவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். எடுத்துக்காட்டுப் படத்தில், ஹென்றி ஃபோண்டா நடித்த 8ஆம் எண்காரர் அந்த இளைஞனைக் காப்பாற்ற விரும்புகிறார் என்றே பலரும் எழுதுகிறார்கள். தொடக்கக் காட்சியை மீண்டும் பாருங்கள். இளைஞன் நிரபராதி என்று அவர் சொல்வதே இல்லை. தனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறார். அவர் கேட்பது ஒரு மணி நேரப் பேச்சு, அவ்வளவே. 7ஆம் எண்காரருக்கு மாலை விளையாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும், 3ஆம் எண்காரருக்கு அந்த இளைஞன் தண்டிக்கப்பட வேண்டும், 8ஆம் எண்காரருக்கோ பேச வேண்டும். கோரிக்கை அவ்வளவு சிறியதாக இருப்பதே அவருடைய முதல் பலம். 'இளைஞனை விடுவியுங்கள்' என்று அவர் கேட்டிருந்தால் பதினொரு பேரும் ஒரே குரலில் மறுத்திருப்பார்கள். ஓர் உயிரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாமா என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல, அந்த அறையில் இருப்பவர்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

இதனோடு இன்னொன்றையும் கவனியுங்கள். 1962இல் பீட்டர் பக்ராக், மார்ட்டன் பாரட்ஸ் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள், முடிவெடுப்பதில் மட்டுமின்றி, எதைப் பேச்சுக்கே வரவிடாமல் தடுப்பது என்பதிலும் அதிகாரம் இருக்கிறது என்று எழுதினார்கள். அறைக்குள் வந்தவுடன் வாக்கெடுப்பை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற பேச்சு எழும்போது, குற்றம் நடந்ததா இல்லையா என்ற விவாதமே தேவையற்றது என்று ஆகிவிடுகிறது. ஆகவே 8ஆம் எண்காரரின் முதல் மோதல் தீர்ப்பைப் பற்றியது அன்று. எதைப் பற்றிப் பேசலாம் என்பதைப் பற்றியது. எந்தப் படத்தை ஆராய்ந்தாலும், 'இந்தக் காட்சியில் எதைப் பேசாமல் தவிர்க்கிறார்கள், அந்தத் தவிர்ப்பால் யாருக்கு வசதி?' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: யார் யாரை நம்பி இருக்கிறார்

ஒருவர் மீது எனக்குள்ள பிடி, அவர் என்னை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பதற்குச் சமம் என்று சமூகவியலாளர் ரிச்சர்ட் எமர்சன் 1962இல் ஒரு கட்டுரையில் வரையறுத்தார். எளிமையான இந்தக் கருத்து திரைப்பட ஆய்வில் அரும்பயன் தருகிறது. அதற்கும் முன்பே, 1938இல், வில்லர்ட் வாலர் காதலையும் மணவாழ்வையும் ஆராய்ந்து, உறவு தொடர வேண்டும் என்ற அக்கறை யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவருடைய கையே அதில் ஓங்கியிருக்கும் என்று எழுதியிருந்தார். குடும்பக் கதைகளையும் காதல் கதைகளையும் ஆராய்கிறவர்கள் இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டாலே பாதிக் காட்சிகள் திறந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பெயர்களை எழுதி, நடுவில் இரண்டு அம்புக்குறிகளை வரையுங்கள். ஒவ்வோர் அம்பின் மேலும், அவர் இவரிடம் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எழுதுங்கள்: பணம், மன்னிப்பு, வேலை, ஓர் இரகசியம் வெளிவராமல் இருப்பது, ஒரு பாராட்டுச் சொல். பிறகு, இவர்களில் ஒருவர் இப்போதே எழுந்து வெளியே போய்விட்டால் யாருக்கு இழப்பு அதிகம் என்று கேளுங்கள்.

எடுத்துக்காட்டுப் படத்தின் முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 8ஆம் எண்காரர் தனித்து விடப்பட்டவர். ஆனால் முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அது பதினொரு பேரையும் அந்த ஒருவரைச் சார்ந்தவர்களாக்கிவிடுகிறது. அவர் சம்மதிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இந்த இடத்தில் படம் செய்வதை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்: சற்று நேரம் கழித்து, அந்த ஒரே பிடியையும் அவர் தாமாகவே மேசை மீது வைத்துவிடுகிறார். மற்ற பதினொரு பேரும் இரகசியமாக வாக்களிக்கட்டும், பதினொன்றும் 'குற்றவாளி' என்றே வந்தால் தானும் இணங்கிவிடுவதாகச் சொல்கிறார். கைவசமிருந்த தடை அதிகாரத்தைத் துறந்து, தான் பிடிவாதக்காரர் அல்லர் என்ற மதிப்பை அவர் வாங்கிக்கொள்கிறார். முதல் வாக்கெடுப்பு கைதூக்கி நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில கைகள் சட்டென்று எழுந்தன, சில கைகள் அக்கம்பக்கம் பார்த்துத் தயங்கி எழுந்தன. இரகசிய வாக்கெடுப்பு அந்தப் பக்கத்துப் பார்வையின் அழுத்தத்தை எடுத்துவிடுகிறது. ஒரு சீட்டு மாறி வருகிறது, அது வயதில் மூத்தவரான 9ஆம் எண்காரருடையது. முதல் வாக்கெடுப்பில் தயங்கி எழுந்த கைகள் யாருடையவை என்று திரும்பப் போய்ப் பட்டியலிடுங்கள். நல்ல பயிற்சி அது.

நான்காம் படி: பிடி எங்கிருந்து வருகிறது

ஜான் ஃபிரெஞ்சு, பெர்ட்ராம் ராவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: வெகுமதி தரும் ஆற்றல், தண்டிக்கும் ஆற்றல், பதவி அல்லது உரிமை, பிறர் பின்பற்ற விரும்பும் ஈர்ப்பு, நிபுணத்துவம். தகவலை ஆறாவது ஊற்றாக ராவன் 1965இல் சேர்த்தார். மாந்தர்களின் நெற்றியில் இந்தப் பெயர்களை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த ஊற்று எந்த நேரத்தில் வற்றுகிறது, எதிர்பாராமல் எது பொங்குகிறது என்பதுதான் ஆய்வுக்குரியது.

ஜூரியின் தலைவரான 1ஆம் எண்காரரிடம் பதவி இருக்கிறது. ஆனால் அவர் கூட்டத்தை நடத்தும் விதத்தை ஒருவர் குறை சொன்னவுடன், வேண்டுமானால் நீங்களே நடத்துங்கள் என்று மனம் நொந்து ஒதுங்கிக்கொள்கிறார். நாற்காலி அவருடையதாக இருந்தும் சொல் எடுபடவில்லை. இதற்கு நேர்மாறானவர் 5ஆம் எண்காரர். வறிய குடியிருப்பில் வளர்ந்தவர் என்பதாலேயே பிறர் பேச்சில் அவர் கூனிக்குறுகுகிறார். குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் பற்றி மற்றவர்கள் இழிவாகப் பேசும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். படம் நகர்ந்து, கத்திக்குத்து எந்தக் கோணத்தில் விழுந்தது என்ற விவாதம் வரும்போது, விசையழுத்தித் திறக்கும் அந்த வகைக் கத்தியை எப்படிப் பிடிப்பார்கள் என்று அந்த அறையில் அறிந்தவர் அவர் ஒருவரே. கத்தியை வாங்கி, கீழிருந்து மேலாகக் குத்துவதுதான் அதன் முறை என்று காட்டுகிறார். இறந்தவர் உடலில் இருந்ததோ மேலிருந்து கீழாக இறங்கிய காயம். அதுவரை அவமானமாக இருந்த பிறப்பிடம், ஒரே கணத்தில் நிபுணத்துவமாக மாறுகிறது. அவர் பேசும்போது மற்றவர்கள் அமைதியாகி அவர் கையையே பார்க்கிறார்கள். அந்த அமைதிதான் உங்கள் இடப்பக்கக் குறிப்பில் இருக்க வேண்டியது.

ஐந்தாம் படி: காட்சியைத் துண்டுகளாக்கிப் பிடி மாறும் கணத்தைக் கண்டுபிடித்தல்

ஆய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்றப் படிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் இதற்கு இரண்டு நாள் ஒதுக்கலாம். ஒருவர் ஒரு வழியில் முயன்று, அது பலித்தோ பலிக்காமலோ போய், அடுத்த வழிக்கு மாறும் இடத்தை ஒரு துண்டின் எல்லையாகக் கொள்ளுங்கள். கெஞ்சிக்கொண்டிருந்தவர் மிரட்டத் தொடங்கினால் ஒரு துண்டு முடிந்தது. மிரட்டிக்கொண்டிருந்தவர் சிரிக்கத் தொடங்கினால் இன்னொன்று முடிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, தொடக்கத்தில் யார் கை ஓங்கியிருந்தது, முடிவில் யார் கை ஓங்கியிருந்தது என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அந்தத் துண்டில் நீங்கள் எதையோ கவனிக்காமல் விட்டிருக்கக்கூடும்.

10ஆம் எண்காரர் வெடிக்கும் காட்சியை அருகில் சென்று பார்ப்போம். அப்போது நிலைமை ஒன்பதுக்கு மூன்று; 3, 4, 10 ஆகிய மூவர் மட்டுமே 'குற்றவாளி' என்ற பக்கம் நிற்கிறார்கள். 10ஆம் எண்காரர் எழுந்து, 'அந்த மாதிரி ஆட்கள்' என்று ஒரு கூட்டத்தையே இழித்து உரத்த குரலில் பேசத் தொடங்குகிறார். குரலை மட்டும் கேட்டால் அறையே அவர் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒருவர் மேசையை விட்டு எழுகிறார், இன்னொருவர் எழுகிறார், ஒருவர் பின் ஒருவராக அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் அவரைத் தடுக்கவில்லை. கேட்பதற்கு ஆள் குறையக் குறைய அவருடைய குரலில் கெஞ்சல் ஏறுகிறது. நான் சொல்வதைக் கேளுங்கள் என்று அவர் மன்றாடும் நேரத்தில், கட்டளை வேண்டுகோளாகத் தேய்ந்துவிட்டது. பிடி மாறிய கணம் அதுதான்.

அடுத்து வருவது அதைவிட நுட்பமானது. இன்னும் மேசையருகே உட்கார்ந்திருக்கும் 4ஆம் எண்காரர், கேட்டாகிவிட்டது என்றும், இனி உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்கும்படியும் அமைதியாகச் சொல்கிறார். அவர் 10ஆம் எண்காரரின் பக்கத்தில் வாக்களித்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். எதிரணியிலிருந்து அதே சொற்கள் வந்திருந்தால் அது இன்னொரு சண்டைக்கு வழி வைத்திருக்கும். தன் அணியிலிருந்தே வந்ததால் 10ஆம் எண்காரருக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. அவர் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். சத்தம் போட்டவர் தோற்றார், சத்தமே போடாதவர்கள் வென்றார்கள் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், முதுகுகள் தொடங்கியதை எந்தச் சொல் முடித்தது, அந்தச் சொல்லுக்கு அந்த எடை எப்படி வந்தது என்பதுவரை போங்கள்.

ஆறாம் படி: கேமராவும் இடமும் சொல்வது

கீழிருந்து மேல்நோக்கிப் படம்பிடித்தால் அந்தப் பாத்திரத்துக்கு அதிகாரம், மேலிருந்து கீழ்நோக்கிப் படம்பிடித்தால் பலவீனம் என்ற சூத்திரத்தைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். லூமெட் தம் படத்துக்கு வகுத்த திட்டத்தை அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார்: முதல் மூன்றிலொரு பகுதியில் கேமரா கண்மட்டத்துக்கு மேலேயும், இரண்டாம் பகுதியில் கண்மட்டத்திலும், கடைசிப் பகுதியில் கண்மட்டத்துக்குக் கீழேயும் இருந்தது, கூடவே, படம் நகர நகர அதிகக் குவியத் தூரமுள்ள லென்ஸுகள் பயன்படுத்தப்பட்டன. அதனால் பின்னிருக்கும் சுவர்கள் நெருங்கி வருவதுபோலத் தெரிகின்றன, முடிவை நெருங்கும்போது கூரையும் கண்ணில் படுகிறது. சூத்திரத்தின்படி பார்த்தால், கடைசியில் எல்லோரும் அதிகாரம் பெற்றுவிட்டார்கள் என்றல்லவா எழுத வேண்டும்? உண்மையில் அந்தக் கோணம் செய்வது எல்லோரையும் ஒரே அறைக்குள் நசுக்குவது; அது தனிமனிதரின் பிடியைக் காட்டவில்லை, சூழலின் பிடியைக் காட்டுகிறது.

எனவே கோணத்துக்குப் பொருள் அகராதியில் இல்லை, அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு பாத்திரத்தைப் படம் வழக்கமாக எப்படிக் காட்டுகிறது என்று முதலில் கண்டறியுங்கள். அந்த வழக்கம் எங்கே மாறுகிறதோ அங்கே நில்லுங்கள். சட்டகத்தில் யார் அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறார், யார் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார், ஒருவர் பேசும்போது படத்தொகுப்பு அவர் முகத்தில் நிற்கிறதா அல்லது கேட்பவர் முகத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்கு நான் தனி மதிப்புக் கொடுப்பேன். வசனம் ஒருவருடையதாகவும் முகம் இன்னொருவருடையதாகவும் இருக்கும்போது, யாருக்கு நேர்வதை நாம் பார்க்க வேண்டும் என்று இயக்குநரே முடிவுசெய்து தருகிறார்.

ஏழாம் படி: மோதலின் மேல்தளமும் அடித்தளமும்

மாந்தர்கள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்பதும், எதனால் சண்டை போடுகிறார்கள் என்பதும் பெரும்பாலும் வேறுவேறாகவே இருக்கும். லீ ஜே. காப் நடித்த 3ஆம் எண்காரர் சாட்சியங்களைப் பற்றி வாதிடுகிறார். ஆனால் அவர் தம் மகனோடு முறிந்துபோன உறவைப் பற்றி முன்பே ஒருமுறை பேசிவிட்டார், அவரிடம் அந்த மகனின் புகைப்படம் இருக்கிறது. தந்தையைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஒரு பையனை அவர் விடாப்பிடியாகத் துரத்துவதற்கு அடியில் எது கிடக்கிறது என்பதைப் படம் அவ்வப்போது கோடிகாட்டிக்கொண்டே வருகிறது. மேல்தளத்தை ஒரு வாக்கியத்திலும் அடித்தளத்தை ஒரு வாக்கியத்திலும் எழுதுங்கள். அடித்தளத்துக்குப் படத்திலிருந்து குறைந்தது இரண்டு சான்றுகளாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது உங்கள் கற்பனை, விட்டுவிடுங்கள்.

மோதலில் ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கு, கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் வெளியிட்ட பகுப்பு உதவும். மல்லுக்கு நிற்பது, விட்டுக்கொடுப்பது, நழுவுவது, ஆளுக்குப் பாதி என்று சமரசம் செய்வது, இருவர் தேவையும் நிறைவேறும்படி கூடி வழி காண்பது என ஐந்து போக்குகளை அவர்கள் சொல்கிறார்கள். 7ஆம் எண்காரர் ஒரு கட்டத்தில் தம் வாக்கை மாற்றுகிறார். விட்டுக்கொடுத்ததுபோலத் தோன்றினாலும், சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற நழுவல்தான் அது. அதை 11ஆம் எண்காரர் உடனே கண்டுகொண்டு, காரணம் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்கிறார். ஒரே செயல் வெவ்வேறு போக்காக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

நாயகர்களை இந்தக் கேள்வியிலிருந்து விலக்கிவிடாதீர்கள். 8ஆம் எண்காரர் எப்போதும் பொறுமையாகக் கூடி வழி காண்பவர் என்று எழுதினால் படத்துக்கு நியாயம் செய்யவில்லை. இளைஞன் தந்தையைப் பார்த்து 'கொன்றுவிடுவேன்' என்று கத்தியதே போதிய சான்று என்று 3ஆம் எண்காரர் வாதிட்ட பிறகு, 8ஆம் எண்காரர் அவரைக் கடுஞ்சொற்களால் சீண்டுகிறார், அவர் பொறுமையிழந்து பாய்ந்து 'கொன்றுவிடுவேன்' என்று கத்தும்வரை. அப்புறம்தான் அமைதியாக, உண்மையிலேயே கொல்வீர்களா என்ன, என்ற பொருளில் ஒரு கேள்வி. அது திட்டமிட்ட தாக்குதல், அதுவும் வலிக்கும் இடம் பார்த்துச் செய்தது. நமக்குப் பிடித்த பாத்திரம் செய்வதால் அதற்கு வேறு பெயர் சூட்டக் கூடாது.

எட்டாம் படி: மூன்றாமவர்

இருவர் மோதும் காட்சியில் அறையில் இன்னொருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருவர் உறவும் மூவர் உறவும் அடிப்படையிலேயே வேறானவை என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கெயார்க் ஸிம்மல் 1908இல் விரிவாக எழுதினார். மூன்றாமவர் நடுவராகலாம், பிளவில் ஆதாயம் தேடலாம், இருவரையும் பிரித்தே ஆளலாம். முதியவரான 9ஆம் எண்காரரிடம் 3ஆம் எண்காரர் மரியாதையின்றிப் பேசும்போது, வீடுகளுக்கு வண்ணம் பூசும் 6ஆம் எண்காரர் எழுந்து, இன்னொருமுறை அப்படிப் பேசினால் அடி விழும் என்கிறார். அந்த நேரத்தில் அவர் 'குற்றவாளி' என்ற பக்கத்தில்தான் இருக்கிறார் என்பதைக் கவனித்தால், வாக்கு அணியும் மரியாதை அணியும் ஒன்றல்ல என்பது தெரியவரும். மூன்றாம் படியில் வரைந்த அம்புக்குறிப் படத்தில் இந்த இரண்டாவது அணியை வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதுதல்

கையில் இப்போது பக்கம் பக்கமாகக் குறிப்பு இருக்கும். எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்டிவிட வேண்டாம். ஒரு கூற்று, அதற்குக் காட்சியிலிருந்து மூன்று சான்றுகள், அவற்றுள் ஒன்றாவது கேட்பவரின் எதிர்வினை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூற்றில் மாற்றம் இருக்க வேண்டும். 'அவர் அதிகாரம் உள்ளவர்' என்பது கூற்று ஆகாது, 'இன்ன செயலால் இன்னாருடைய பிடி இன்னாருக்குப் போகிறது' என்பதே கூற்று. உங்கள் கூற்றுக்கு எதிராகப் போகும் ஒரு விவரத்தையும் தேடிப் பிடித்து, அதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் கூற்றைத் திருத்துங்கள்.

மாதிரிக்கு ஒரு பத்தி தருகிறேன், படத்தின் முடிவுக் காட்சியைப் பற்றியது:

'பதினொருவருக்கு எதிராக இப்போது தனித்து நிற்பவர் 3ஆம் எண்காரர். தொடக்கத்தில் 8ஆம் எண்காரர் இருந்த அதே எண்ணிக்கையில் அவர் இருக்கிறார், ஆனால் அதே பலத்தில் இல்லை. 8ஆம் எண்காரரிடம் அன்று ஒரு கேள்வி இருந்தது, இவரிடம் கேள்வி இல்லை. மற்றவர்கள் அவரோடு மல்லுக்கு நிற்காமல் காத்திருக்கிறார்கள். அவர் வாதங்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் கண்ணில் பட்ட மகனின் புகைப்படத்தைக் கிழித்துவிட்டு அழுதபடி இணங்குகிறார். அவரைத் தோற்கடித்தது எதிரணியின் வாதம் என்று சொல்வது கடினம், ஏனெனில் அந்த நிமிடங்களில் எதிரணி ஏறத்தாழப் பேசவே இல்லை. எல்லோரும் வெளியேறும்போது மேசையருகே தளர்ந்திருக்கும் அவரிடம் 8ஆம் எண்காரர் கோட்டை எடுத்துவந்து, அணிந்துகொள்ள உதவுகிறார்.'

இந்தப் பத்தியின் முதல் வரைவில், கடைசி வாக்கியத்தில் 'மன்னித்து' என்ற சொல்லையும் நான் சேர்த்திருந்தேன். குறிப்பேட்டின் இடப்பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அங்கே அந்தச் சொல்லுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. கோட்டைப் பிடித்திருக்கும் கைகளும், அதற்குள் தம் கையை நுழைக்கும் ஒரு மனிதரும் மட்டுமே அங்கே இருந்தார்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.